அரவை மில்லுக்குக் கறித்தூளும் பச்சரிசியும் கொண்டுபோகும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறுநகரத்தில் அரவை மில் ஒன்று இன்னும் ஓடுகிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் நிறையக் குடும்பங்கள் இருந்த காலத்தில், விடியுமுன்னே பால்மரம் வெட்ட, அதாவது இரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கப் போன பெண்களுக்கு உரலில் இடிக்க நேரம் ஏது? அந்த வேலையை மில் ஏற்றுக்கொண்டது. பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்து ஆள்தேவை குறைந்ததாலும், பிள்ளைகள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததாலும், பொட்டலத் தூள் கடைக்குக் கடை கிடைத்ததாலும் அரைக்க வருவோர் குறைந்தனர். ஆயினும் நாமே பார்த்து வாங்கிய மல்லியின் மணம் பொட்டலத்தில் வருவதில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

கறித்தூளுக்கு 1 கிலோ மல்லி, 500 கிராம் மிளகாய் வற்றல், சோம்பும் சீரகமும் தலா 100 கிராம், மிளகும் மஞ்சளும் தலா 50 கிராம் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கல், காம்பு நீக்கி வெயிலில் காயவைக்க வேண்டும். மிளகாயை ஒடித்தால் சடக்கென முறிய வேண்டும். தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் மழை வழக்கமாதலால், காலை வெயிலை நம்பி இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தொடங்குங்கள். விரலி மஞ்சளை முழுதாகப் போட்டால் மில்லின் அரைக்கும் தகடுகளுக்கிடையே சிக்கும். முதலில் தட்டி உடைத்துக்கொள்ள வேண்டும்.

இடியாப்பத்துக்கான பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, கையில் ஒட்டாமல் ஈரப்பதம் மட்டும் நிற்கும்போது கொண்டுபோக வேண்டும். நீர் சொட்டும் அரிசி தகட்டில் அப்பிக்கொண்டு மில்லையே நிறுத்திவிடும். நிலையாக நிற்கும் ஒரு தகட்டுக்கும் சுழலும் மற்றொரு தகட்டுக்கும் உள்ள இடைவெளியைத் திருகால் கூட்டிக் குறைத்துத்தான் மாவின் நயத்தை அமைக்கிறார்கள் என்பதால், இடியாப்பத்துக்கா புட்டுக்கா என்று மில்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்னால் அரைத்ததன் மிச்சம் உள்ளே தங்குமாதலால், மிளகாய் அரைபடுமுன் காலையிலேயே அரிசியை அரைத்துக்கொள்வது நல்லது. பிந்திப் போனால், ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டி அதை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள்.

அரைத்த மாவும் தூளும் சூடாக வரும். வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி படிந்து கட்டி தட்டும். ஈர அரிசி மாவை அன்றைக்கே சலித்து வறுத்துவிடுங்கள், மறுநாள் வரை வைத்தால் புளித்துவிடும்.