முதல் லேத் வாங்கியதும் அதன் அதிர்வை அடக்கியதும்

பம்பரமும் சிறு கிண்ணங்களும் கடைவதற்கு முதல் லேத்தை, அதாவது மரக்கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தை, தேடியபோது, நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ற மோட்டர், வார்ப்பிரும்பு உடல், இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர் (துணைக்கருவிகளைச் செருகும் கூம்புத் துளையின் ஒரு நியம அளவு) ஆகியவற்றை நான் விட்டுக்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எளிதில் கிடைக்கும் பூவரசங்கட்டையை ஏற்றியதும் இயந்திரம் மேசையோடு அதிர்ந்தது. கட்டையின் மூலைகளை வாளால் அறுத்து ஓரளவு வட்டமாக்கி, லேத்தைத் தடித்த பனம்பலகை மேசையில் போல்ட்டால் இறுக்கி, கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றில் தொடங்கியபோது அதிர்வு அடங்கியது. கட்டை உருண்டை வடிவம் பெற்ற பின்னரே வேகத்தைக் கூட்டினேன். ஆகவே, அந்த அளவுக்கு வேகம் இறங்காத லேத்தை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், கிண்ணம் கடைய விரும்புவோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதிரை போன்ற வைரமான மரங்களைக் கடைய எண்ணுவோர், உளி தீட்டும் சாணைக்கும் முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.