வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்தக் கருவி? தேர்ந்தெடுக்கும் முறை, படிப்படியாக

என்னிடம் படிக்கும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு, பாடத்தை உரக்க வாசிக்கும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் அதைத் தொடுவதே இல்லை என்றான். திறந்தால் அது பேசவே மாட்டேன் என்கிறதாம். செயலியிலும் கோளாறு இல்லை, அவனிடமும் இல்லை. எங்கே மாட்டியது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. தமிழ்ப் பாடங்களோடு வேலை செய்கிற யாருக்கும் இது நேரலாம் என்பதால் நான்காம் படியில் அதை விரிவாகச் சொல்கிறேன். செயலியை நிறுவுவது, மொழியை மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்த இடத்தில் நிற்கிறது?

"டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கு எது நல்ல ஆப்?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். குறைபாட்டின் பெயரை வைத்துக் கருவி தேடினால் அநேகமாகத் தவறான கருவிதான் கிடைக்கும், ஏனென்றால் ஒரே பெயர் கொண்ட இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு இடங்களில் திணறுவார்கள். உதவிக் கருவித் துறை வல்லுநர் ஜாய் ஸபாலா வகுத்த 'செட்' என்ற முறையில் மாணவர், சூழல், செய்யவேண்டிய வேலை, அதற்குப் பிறகுதான் கருவி. நானும் இந்த வரிசையை மாற்றுவதில்லை.

இதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். பாடத்தில் ஒரு பத்தியைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி நாலு கேள்வி கேளுங்கள். அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நீங்களே வாசித்துக் காட்டி நாலு கேள்வி கேளுங்கள். கேட்டபோது பதில் சரளமாக வந்தால் அடைப்பு எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் இருக்கிறது, வாசித்துக் காட்டும் கருவி உதவும். கேட்டும் புரியவில்லை என்றால் அந்தக் கருவியால் பெரிய பயன் இருக்காது, சொற்களையும் பொருளையும் முதலில் கவனிக்கவேண்டும். எழுதுவதற்கும் இப்படித்தான்: வாயால் சொல்லச் சொல்லுங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 2: எங்கே பயன்படுத்தப்போகிறார்?

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி வீட்டில் அருமையாக வேலை செய்யும், முப்பது பேர் பேசும் வகுப்பில் திண்டாடும். ஹெட்போன், மின்சாரம், இணையம், தேர்வில் அனுமதி உண்டா என்பது, எல்லாவற்றையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

படி 3: சின்னதிலிருந்து தொடங்குங்கள்

வரி தப்பிப்போகும் பிள்ளைக்கு, ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய அட்டையே போதுமானதாக இருக்கலாம். அது போதாவிட்டால்தான் செயலி. வாசிப்புச் சிக்கலுக்கு எட்ஜ் உலாவியில் இருக்கும் 'உரக்க வாசி' வசதியை நான் முதலில் தருவேன். இந்தியத் தமிழில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன, வாசிக்கும் சொல்லும் நிறம் மாறிக் காட்டும், கண்ணும் காதும் ஒன்றாகப் போகும். அந்தக் குரல்களுக்கு இணையம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். என்விடிஏ இலவசம், மிக நல்ல திரைவாசிப்பான், ஆனால் அது பார்வையில்லாதவர்களை மனதில் வைத்துச் செய்தது. பொத்தான், மெனு என்று திரையில் இருப்பதையெல்லாம் சொல்லும் என்பதால் கண் தெரிந்த, வாசிக்க மட்டும் திணறும் பிள்ளை குழம்பிப்போகும்.

பேச்சு வராத பிள்ளைக்கு, படத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல உதவும் படப்பலகை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள், சொல்ல வழியில்லாமல் ஒரு குழந்தை காத்திருப்பது பெரிய கொடுமை.

படி 4: கோப்பில் எழுத்து இருக்கிறதா?

நான் மாட்டிய இடம் இதுதான். பாடத்தின் பிடிஎஃபைத் திறந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். நம் கண்ணுக்கு எழுத்து, கருவிக்கு வெறும் புகைப்படம், அதனால்தான் பையனுடைய செயலி வாய் திறக்கவில்லை. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். பிரித்ததை அப்படியே பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள், துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும் இடங்களைத் திருத்திக் கொடுங்கள்.

ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறதா? அது, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அப்படிப்பட்ட பாமினி எழுத்துருவில் தட்டிய 'அம்மா' எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து விழும், கருவியும் அப்படியேதான் வாசிக்க முயலும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். தமிழாகவே ஒட்டினால் சரி, மேலே போகலாம்.

*பிறகு சேர்த்தது:* தமிழாகவே ஒட்டுகிறது, ஆனாலும் வாசிப்பு உளறுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஒட்டியதை உற்றுப் பாருங்கள், கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிக் கிடக்கும். பிடிஎஃப் ஆக்கும்போது நேரும் சிக்கல் இது. மூலமான வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் நல்ல வழி. கிடைக்காவிட்டால் பக்கத்தைப் படமாக மாற்றி, ஸ்கேனுக்குச் சொன்ன வழியிலேயே போங்கள்.

படி 5: ஒரு கருவி, ஒரு வேலை, மூன்று வாரம்

ஒரே நேரத்தில் நாலு செயலி போட்டால் எது உதவியது என்றே தெரியாது. கருவியோடு ஒரு நாள், இல்லாமல் ஒரு நாள் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை கேள்விக்குப் பதில் வந்தது என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிள்ளையிடமே கேளுங்கள். எல்லோர் முன்னாலும் ஹெட்போன் மாட்டக் கூச்சமாக இருக்கிறது என்று சொன்னால் அதையும் நோட்டில் எழுதுங்கள், கருவி பெட்டிக்குள்ளேயே கிடக்க அந்த ஒரு காரணம் போதும்.

புதிய பாடம் வரும்போது கோப்பை யார் சரிபார்த்துக் கொடுப்பது என்று இப்போதே ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள். என் மாணவனுக்கு அதை அவன் அக்கா செய்கிறாள். குரலின் வேகத்தை மட்டும் அவனே கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்கிறான்.