டிவைட், செபரேட்: எங்கே எது?

தமிழில் சொத்தையும் பிரிக்கிறோம், சண்டை போடுகிறவர்களையும் பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது டிவைட், இரண்டாவது செபரேட்.

படி 1: பிரிப்பதற்கு முன்னால் அது ஒன்றா, பலவா என்று பாருங்கள். ஒன்றைக் கூறு போட்டால் டிவைட். வேறு வேறானவை சேர்ந்து கிடந்து, அவற்றை விலக்கினால் செபரேட். பரோட்டா மாவை எட்டு உருண்டையாக்குவது டிவைட். முட்டையின் மஞ்சள் கருவை வெள்ளையிலிருந்து எடுப்பது செபரேட்.

ஹங்கேரியில் டான்யூப் ஆற்றின் ஒரு கரையில் புடா, மறுகரையில் பெஸ்ட். தனித்தனி ஊர்களாக இருந்தவரை ஆறு அவற்றை செபரேட் செய்தது. 1873-இல் இணைந்து புடாபெஸ்ட் ஆனதும், அதே ஆறு ஒரே நகரத்தை டிவைட் செய்கிறது. தண்ணீர் அதேதான், வினைச்சொல்தான் மாறிவிட்டது.

படி 2: பின்னால் வரும் சின்னச் சொல்லைப் பிடியுங்கள். செபரேட்டுக்கு ஃப்ரம். டிவைட்டுக்கு இன்டு, கணக்கில் பை.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். பெருக்கல் குறியை 'இன்டு' என்று படித்தே வளர்ந்தவர்கள் நாம். 'டிவைட் 12 பை 4' என்றால் 3; சரி. 'டிவைட் 4 இன்டு 12' என்றாலும் 3தான்! நாலைப் பன்னிரண்டுக்குள் வகு என்று அர்த்தம். 48-உம் இல்லை, 1/3-உம் இல்லை. எழுதும்போது 'பை' போட்டுவிடுங்கள், வம்பே இல்லை.

செபரேட்டுக்கும் இன்டு வரும், ஆனால் பெரும்பாலும் ரகம் பிரிக்கும்போது: குப்பையை மக்கும், மக்காத என்று பிரிப்பது. வகுப்பை நாலு குழுவாக்குவது டிவைட். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றால் செபரேட்.

படி 3: கூகுள் டிரான்ஸ்லேட்டை இதற்கு நம்பாதீர்கள். ஒற்றைச் சொல்லைப் போட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே நகர்ந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைத் திறந்து, பொருளை விட்டுவிட்டு உதாரண வாக்கியங்களை மட்டும் படியுங்கள்.

பின்சேர்க்கை: விண்ணப்பப் படிவத்தில் திருமண நிலை கேட்கும் இடத்தில் வரும் 'செபரேட்டட்' பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அது விவாகரத்து அல்ல. இந்து திருமணச் சட்டம் 1955-இல் நீதிமன்றம் வழியாகப் பிரிந்து வாழ்வது பிரிவு 10, விவாகரத்து பிரிவு 13. முதலாவதில் திருமணம் அப்படியே இருக்கிறது, மறுமணம் செய்ய முடியாது. விவாகரத்து ஆனவர்கள் 'செபரேட்டட்' கட்டத்தில் டிக் போடக்கூடாது.