குரூப் தெரபியில் சிஸ்டர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநலப் பிரிவில் குரூப் தெரபி, அதாவது நோயாளிகளை வட்டமாக உட்கார வைத்துப் பேசவைக்கும் குழு சிகிச்சை, நடத்தப் போகும் புதுச் செவிலியர்களிடம் நான் முதலில் சொல்வது, அதிகம் பேசாதீர்கள் என்பதுதான். நானே அதில் தவறியவள்.

கோவைப் பக்கம் ஒரு மருத்துவமனை. குடியை நிறுத்த வந்தவர்களுக்கான குழு, எட்டுப் பேர். சோமனூரிலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர், "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கமே வராதுங்க சிஸ்டர், அதுக்குத்தான் குடிச்சேன்" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. மது எப்படித் தூக்கத்தைக் கெடுக்கும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். முடிந்து எல்லோரும் வெளியே போகும்போது, பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையன் அவரிடம், "எனக்கும் அதேதானுங்கண்ணா" என்றான். வட்டத்துக்குள் வந்திருக்க வேண்டிய பேச்சு. நான்தான் இடம் விடவில்லை.

இந்த வேதனை நமக்கு மட்டும் இல்லை என்று ஒருவர் உணர்வதுதான் குழு சிகிச்சையின் பெரிய பலம். 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற டாக்டர் காசநோயாளிகளை ஒன்றாக உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். ஓய்வு, சுத்தம் பற்றிச் சொல்லித்தரத்தான் கூட்டினார். ஆனால் ஒரே நோயுள்ளவர்கள் கூடி உட்கார்ந்ததே அவர்களுக்குத் தெம்பாக இருந்தது. அதனால் அமைதி வந்தால் மனதுக்குள் இருபது எண்ணுங்கள். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டால், "வேற யாருக்காவது இப்படி இருந்திருக்குங்களா?" என்று வட்டத்துக்கே திருப்பிவிடுங்கள்.

அதற்காக ஒதுங்கியே உட்கார்ந்துவிடவும் கூடாது. ஒருவரே முழு நேரமும் பேசினால் நிறுத்த வேண்டியது நம் வேலைதான். "நீங்க சொன்னது முக்கியங்க, மத்தவங்களும் கொஞ்சம் சொல்லட்டும்" என்றால் போதும். கடும் மேனியாவில் (அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும் உள்ள நிலையில்) இருப்பவரையோ, சந்தேகம் முற்றிய நிலையில் இருப்பவரையோ பேச்சுக் குழுவில் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் கேள்வியே "எந்த ஊருங்க? யாரு தோட்டங்க?" என்பதுதான். பாசமாகத்தான் கேட்பார்கள். ஆனால் நாலாவது கேள்விக்குள் சாதியும் சம்பந்தி வீடும் தெரிந்துவிடும், அப்புறம் அந்த மனிதர் வாய் திறக்க மாட்டார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை தரும் நம்மை ரகசியம் காக்கச் சொல்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் சட்டத்துக்குப் பயந்து வாயைக் கட்டுவார் என்று நம்ப முடியாது. ஆகவே இங்கே பேசுவது வெளியே போகாது, ஊர், குடும்பம் விசாரிக்க வேண்டாம் என்று முதல் நாளே எல்லோர் சம்மதத்தோடும் விதி வையுங்கள். அதே மூச்சில், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லியே தீருவேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். எதையும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தக் குழு திரும்ப நம்மை நம்பாது.

சில வாரம் போனதும் சண்டை வரும். "சிஸ்டர் அவருக்குத்தான் சப்போர்ட்" என்று நம் மேலேயே பாயும். குழு கெட்டுப்போச்சு என்று பலர் பயந்து கலைத்துவிடுகிறார்கள். குழுக்கள் எப்படி வளர்கின்றன என்று புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965இலேயே சொன்ன நான்கு கட்டங்களில் இரண்டாவதுதான் இது: கூடுவது, மோதுவது, ஒழுங்குக்கு வருவது, வேலை செய்வது. கோபித்துக்கொள்ளாமல், "எதனால அப்படித் தோணுச்சுங்க?" என்று கேளுங்கள்.

பிரிவு என்ற ஐந்தாவது கட்டத்தை அவர் 1977இல் சேர்த்தார். அதைத்தான் நாம் கண்டுகொள்வதே இல்லை. ஒருவர் டிஸ்சார்ஜ் ஆனதும் அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறோம். அவர் போகும் முன் ஒரு வாரம் இருக்கும்போதே குழுவில் சொல்லுங்கள். விடைபெற அவருக்கும் மற்றவர்களுக்கும் நேரம் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும். அவர் இல்லாதது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள்.