பின்லாந்தில் ‘அரை ஒன்பது’ என்றால் எட்டரை

பின்லாந்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முகவரிப் பதிவு, வரி அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் ஆங்கிலத்திலேயே முடிந்துவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எண்களைத்தான் காதால் கேட்டுப் பழக வேண்டும்.

வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. மூன்று மாதம் பின்னிஷ் மொழி வகுப்புக்குப் போயிருந்த தைரியத்தில், பல் மருத்துவமனையில் பின்னிஷிலேயே பேசி நேரம் வாங்கினேன். “புவொலி யுஹ்டெக்ஸான்” என்றார் நேரம் கொடுத்த அம்மா. புவொலி என்றால் அரை, யுஹ்டெக்ஸான் ஒன்பது. ஒன்பதரை என்று எழுதிக்கொண்டேன். மறுநாள் ஒன்பதே காலுக்கே போய் நின்றேன். “உங்கள் நேரம் எட்டரைக்கு” என்றார்கள். அடுத்த நேரம் இரண்டு வாரம் கழித்து. வராததற்குக் கட்டண ரசீதும் வீட்டுக்கு வந்தது. பணம் போனதைவிட, வகுப்பில் இதை ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் இன்றும் எரிச்சல்.

நாம் முடிந்த மணியோடு அரையைச் சேர்க்கிறோம். அவர்கள் வரப்போகிற மணியைச் சொல்கிறார்கள்: ஒன்பதை நோக்கிப் பாதி. புவொலி காதில் விழுந்தால் ஒரு மணியைக் குறையுங்கள். பிறகு “கஹ்டெக்ஸன் கொல்மெகும்மென்டா?”, அதாவது எட்டு முப்பதா என்று திருப்பிக் கேளுங்கள். எழுத்தில் 8.30 என்றுதான் இருக்கும், அதனால் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. ஒன்றரை கிலோ, ஒன்றரை லிட்டர் என்று அளவு சொல்லும்போது ஒன்றரைக்கு அவர்கள் சொல்லும் ‘புவொலிடொய்ஸ்டா’வும் இதே கணக்குதான், இரண்டாவதில் பாதி.

எட்டும் ஒன்பதும் காதில் குழம்பும். கக்ஸி (இரண்டு) கஹ்டெக்ஸனிலும், யுக்ஸி (ஒன்று) யுஹ்டெக்ஸானிலும் ஒளிந்திருக்கின்றன. பத்துக்கு இரண்டு குறைவு, ஒன்று குறைவு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அப்புறம், புத்தகத்தில் இருப்பதுபோல் தெருவில் யாரும் பேசுவதில்லை. கக்ஸி ‘கக்ஸ்’ ஆகிவிடும், வீஸி (ஐந்து) ‘வீஸ்’ ஆகிவிடும். பழக நல்ல இடம் கோடைச் சந்தை. ஹெல்சின்கியில் ஹகனியெமி சந்தைக்குப் போங்கள். புது உருளைக்கிழங்கையும் பச்சைப் பட்டாணியையும் அங்கே லிட்டர் கணக்கில் அளந்து தருவார்கள். முதல்முறை அந்த அளவுப் பாத்திரத்தைப் பார்த்தபோது, பாட்டி வீட்டு வாசலில் படியால் கடலை அளந்தது நினைவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர் விலையை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை புரிந்தது.