ஓசிப் படம் ஓடும் போனில்தான் கடைக்காசும் இருக்கிறது

என் அத்தை மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விற்கிறார். விடியற்காலை வரவு பாதிக்கு மேல் ஜிபேயில்தான். போன மாதம் அந்தப் போனை என் கையில் கொடுத்து, "ஏப்பா, பதிமூணு வைரஸ் இருக்குன்னு நிமிஷத்துக்கு ஒருதரம் வருது. காசெல்லாம் போயிருமா?" என்றார். முதல் நாள் ராத்திரி அவர் மகன் அதில் திருட்டுத் தளத்தில் புதுப்படம் பார்த்திருக்கிறான்.

வைரஸ் எதுவும் இல்லை. படம் ஓடுவதற்கு முன், 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியை அழுத்துங்கள்' என்று அந்தத் தளம் கேட்டிருக்கிறது, பையனும் அழுத்திவிட்டான். உண்மையில் அது நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்கும் பெட்டி. மிரட்டல்கள் அத்தனையும் அதன் வழியாக வந்த விளம்பரங்கள். குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போய் அந்தத் தளத்தை நீக்கியதும் நின்றுவிட்டது. 'இப்போதே சுத்தம் செய்' என்று மின்னிய பட்டனை அத்தை தொடாமல் இருந்தாரே, அதுதான் எனக்கு நிம்மதி.

இதைவிடப் பெரிய தவறு, படத்தின் பெயரில் இறங்கும் கோப்பை அப்படியே திறப்பது. பெயரின் கடைசியைப் பாருங்கள். எம்பி4, எம்கேவி என்று முடிந்தால் வீடியோ. ஏபிகே என்று முடிந்தால் அது படமே இல்லை, ஆப். ஆண்ட்ராய்டு போன் அங்கேயே எச்சரிக்கும். அவசரத்தில் நாம்தான் தள்ளிவிடுகிறோம். அப்புறம் அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். படம் காட்டுவதற்கு எஸ்எம்எஸ் எதற்கு? பேங்க் அனுப்பும் ஓடிபி அங்கேதானே வருகிறது! ஆக்சஸிபிலிட்டி அனுமதியையும் கொடுத்துவிட்டால், திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அதனால் முடியும்.

'எச்டியில் பார்க்கப் பதிவு செய்யுங்கள், இலவசம்தான்' என்று கார்டு எண் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

சட்டம் தியேட்டரில் படம்பிடிக்கிறவனுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2023இல் திருத்திய சினிமா சட்டப்படி அவனுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் பகிர்கிறவரும் காப்புரிமைச் சட்டத்தில் மாட்டலாம். பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பணம் போன பிறகு, திருட்டுப் படம் பார்த்தது தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் நெட்டை அணையுங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் பேங்குக்கும் கூப்பிடுங்கள். மோசடிக்காரன் எடுப்பதற்குள் சொன்னால், பணத்தை அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.