உறவுக்குப் பின் வந்த எரிச்சல் - என் அனுபவம்

மறுநாளே முன்தோல் சிவந்து, மூத்திரம் பட்டாலே சுரீரென்றது. காண்டம் போட்டிருந்தும் மனசு எய்ட்ஸ் வரை ஓடிவிட்டது. மருந்துக்கடைக்காரர் நீட்டிய க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. பூஞ்சைத் தொற்றாக இருந்தால் ஸ்டீராய்டு அதை இன்னும் பரவ விடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தோல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். புண், கொப்புளம், சீழ் எதுவும் இல்லை. வாசனை காண்டமும் வாசனை சோப்பும் சேர்ந்து செய்த வேலை என்றார். சோப்பை நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றியெடுத்து, வாசனையில்லாத வாசலின் தடவினேன். சில நாளில் அடங்கிவிட்டது.

ரத்தப் பரிசோதனை தனிக் கதை. எச்ஐவி தொற்றிய உடனே டெஸ்டில் தெரியாது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக எடுத்தேன், 3 மாதம் கழித்து மறுபடியும். இரண்டுமே நெகட்டிவ். நேரில் போகக் கூச்சமா? முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் போன் பண்ணுங்கள்.